குட்டை ஓரத்துக்கு ஒரு செவப்பு

எங்க வூட்டுக்குப் பின்னால ஒரு குட்டை இருக்குது. கோயில் குளம் மாரி படிக்கட்டு வெச்சதுன்னு நெனச்சிக்காதீங்க. வூடு கட்டும்போது தரைமட்டத்த ஒசத்தணும்னு மேஸ்திரி சொன்னாரு. வெளியில இருந்து மண்ணு அடிக்கற வசதி நமக்கு ஏது. பின்னாலயே தோண்டி முன்னால கொட்டனோம். தோண்டின எடம் பள்ளமாச்சு, மழ பேஞ்சி தண்ணி நின்னுச்சு. அப்பால அது போவவே இல்ல. எங்க ஊரு ஓரிக்கைன்னா பாலாத்தங்கரை, மேல காஞ்சி கிடந்தாலும் கீழ ஈரம் ஓடிக்கினே இருக்கும். ஆத்துல மணலு மட்டும் கிடக்கற வருசத்துல கூட எங்க குட்டை ஓரத்துல கால வெச்சா சொதக்குனு உள்ள போவும். செருப்பு மாட்டிக்கினா செருப்ப விட்டுட்டுதான் வரணும். என்னோட ஒரு செருப்பு இன்னும் அங்கதான் எங்கியோ இருக்குது.

அந்த ஓரத்துல இன்னா செடி வெக்கறதுன்னுதான் நான் ரெண்டு வருசமா அல்லாடனேன். இதுக்கா ரெண்டு வருசம்னு கேப்பீங்க. வூட்ல அவளுக்கு கண்ணு போய்க்கினு இருந்துச்சு, அதான் விசயம்.

என் சம்சாரத்துக்கு சக்கர ரொம்ப நாளா இருக்குது. மாத்திர போட்டுக்கினுதான் இருந்தா. ஆனா அது உள்ளுக்குள்ள இன்னா பண்ணிக்கினு இருந்துச்சுன்னு எங்களுக்கு இன்னா தெரியும். மொதல்ல எடது கண்ணு போச்சு. போனதே தெரியல, ஒருநாள் வலது கண்ணுல தூசி விழுந்து தேய்க்கறா, "ஏங்க, கரண்டு போச்சா?"ன்னு கேக்கறா. பட்டப்பகல்ல. சென்னைக்கு கூட்டிக்கினு போனோம். லேசர் வெச்சாங்க, கண்ணுக்குள்ளயே ஊசி போட்டாங்க. கண்ணுக்குள்ள ஊசி போடுவாங்கன்னு நான் அதுவரைக்கும் கேள்விப்பட்டதில்ல. அவ ஒரு சத்தம் போடல, நான்தான் செவுத்துப் பக்கம் திரும்பி நின்னுக்கினேன். டாக்டரு நல்ல மனுசன், மறைச்சிப் பேசல. "போனது போனதுதான் பெரியவரே. வலது கண்ணுல இருக்கறத எத்தினி நாளு காப்பாத்த முடியுதோ பாக்கலாம்"னாரு.

இருக்கறதுன்னா எவ்ளோ? அதுதான் எனக்குப் புரியல. அவ நடந்துக்கினுதான் இருந்தா, அடுப்ப பத்த வெப்பா, அரிசி களைவா. ஆனா கலரு போயிடுச்சு. கருநீலம், கருப்பு, பச்சை எல்லாம் ஒண்ணாயிடுச்சு. என் நீலக் கைலிய எடுத்துக்குடுத்து, "இந்த கருப்புத் துணி யாருது, நம்மூட்ல ஏது?"ன்னு கேட்டா.

நான் பட்டு நெய்யறவன். இத்த கேட்டு எனக்கு எப்பிடி இருந்துச்சுன்னு தெரியணும்னா, கோர்வை போடறத பத்தி கொஞ்சம் சொல்லணும். கோர்வைப் பொடவையில உடலு ஒரு கலரு, கரை ஒரு கலரு. கரைக்கு தனி நாடா ஓடணும், ஊடு நூலு வெச்ச கட்டை அது. நான் ஒருத்தனே எல்லாத்தையும் தள்ள முடியாது, கரைப் பக்கத்துல ஒரு ஆளு உக்காந்து அந்த நாடாவ தள்ளிக்கினு இருக்கணும். கட்டிக்கினு வந்த புதுசுல இருந்து எனக்குப் பக்கத்துல உக்காந்தது அவதான். பேசிக்கினே தள்ளுவா, திட்டிக்கினே தள்ளுவா, புள்ளைக்கு பாலு குடுத்துக்கினே கூட தள்ளியிருக்கறா. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எப்பவும் ரெண்டு கலரு ஓடிக்கினே இருக்கும். அவளுக்குத்தான் இப்ப கைலி நீலமா கருப்பான்னு தெரியல.

எங்க கொல்லைக் கதவு கெழக்கப் பாத்தது, குட்டைக்கு அந்தாண்ட எதிர்வூட்டு செவுரு. காலையில அவ அங்கதான் உக்காருவா, சக்கர இல்லாத காப்பிய வெச்சிக்கினு. ஒருநாள் கேட்டேன், "இன்னாம்மா பாத்துக்கினு இருக்கற?"

"எதிர்வூட்டு பக்கெட்ட."

"பக்கெட்டயா?"

"அது ஒண்ணுதாங்க தெரியுது. மத்தது எல்லாம் சேறு மாரி கிடக்குது. அது மட்டும் செவப்பா முன்னால வந்து நிக்குது. அந்தப் பொண்ணு தண்ணி புடிக்க எடுத்துக்கினு போயிட்டா அதுவும் இல்ல."

அவளே சொன்னா, "அந்த குட்டை ஓரமா எதுனா செவப்பா வெய்யுங்களேன். பக்கெட்ட பாக்கறதுக்கு அத்தையாவது பாக்கறேன். இன்னும் எத்தினி நாளு பாக்கப் போறேனோ."

அதுதான் கணக்கு. அவ கண்ணு இருக்கறதுக்குள்ள அங்க ஒரு செவப்பு வரணும். வந்தது நிக்கவும் நிக்கணும். ஏன்னா என்னால திரும்பத் திரும்ப குந்த முடியாது. குழித்தறியில காலத் தொங்கப்போட்டே ஆயுசு போச்சு, இப்ப முட்டி மடங்க மாட்டேங்குது. மடங்கினா நிமிர மாட்டேங்குது. ஒரு தபா வெச்சா வருசா வருசம் தானா வர்ற செடியா இருக்கணும்.

வாலாஜாபாத் ரோட்ல ஒரு நர்சரி. ஒரு அம்மா நடத்துது, நல்லா வாய் பேசும்.

"இன்னா செடி வேணும் தாத்தா?"

"செவப்பா வேணும்மா."

"செவப்புல எத்தினியோ இருக்குது. வெயிலா நெழலா? மண்ணு இன்னா மண்ணு?"

"அரக்கு வாணாம்மா, அது மங்கலாயிடும். தக்காளிப்பழம் மாரி, குங்குமம் மாரி, தூரத்துல இருந்து பாத்தா பளிச்சுனு அடிக்கணும்."

"நான் மண்ண கேக்கறேன், நீ கலர சொல்ற!"

"மண்ணு மண்ணுதாம்மா. ஈரமா இருக்கும்."

"ஈரம்னா ஊத்தற ஈரமா, ஊறற ஈரமா?"

அது கேட்டது சரியான கேள்வி. எனக்குத்தான் ஏறல. தறிக்காரன் புத்தி அது. பட்டு நூலுக்கு எடமா தெரியும்? செவப்ப கரையில வெச்சா கரையில நிக்கும், உடல்ல வெச்சா உடல்ல நிக்கும். வெச்ச எடத்துல நிக்கறதுதான் நூலு. பொறந்ததுல இருந்து அத்தையே பாத்தவன் நான். செடியையும் அப்பிடியே நெனச்சிக்கினேன். ரோஜா, இட்லிப்பூ, செவப்பு சாமந்தி எல்லாத்தையும் ஷேர் ஆட்டோவுல மடியில வெச்சிக்கினு வந்தேன். வர்ற வழியில ஒரு அம்மா, "கல்யாணமா?"ன்னு கேட்டுச்சு.

கயிறு புடிச்சி நேரா வெச்சேன். தண்ணியச் சுத்தி ஒரே அகலத்துக்கு. நடுவுல தண்ணி உடலு, சுத்திலும் செவப்புக் கரை. எதிர்வூட்டுப் பொண்ணு, அந்த பக்கெட்டுக்காரி, ஒரகடத்துல கம்பெனி வேலைக்குப் போவுது, ஷிப்டுக்கு கெளம்பிக்கினே செவுத்து மேல எட்டிப் பாத்துது.

"இன்னா தாத்தா, குட்டைய நெய்யறியா? முந்தி எந்தப் பக்கம் வருது?"

உள்ள இருந்து என் சம்சாரம், "முந்தி இந்தப் பக்கம்தான்டி. நான் உக்காந்துக்கினு இருக்கறேன் இல்ல!"

மூணு பேரும் சிரிச்சோம். அந்த வூட்ல அப்பிடி சிரிச்சி ரொம்ப நாளாச்சு.

ரோஜாதான் மொதல்ல போச்சு. எலை மஞ்சளாச்சு, புடுங்கிப் பாத்தா வேரு கருப்பா, அழுவின வெங்காயம் மாரி நாறுது. சாமந்தி அத்தோட சேந்து போச்சு. இட்லிப்பூ கொஞ்ச நாளு மொறைச்சிக்கினு நின்னுச்சு, அப்பால அதுவும் ஒவ்வொரு எலையா உதுத்துட்டு குச்சியாயிடுச்சு. அவ கேப்பா, "மொட்டு வெச்சிக்குதா?" நான், "வெக்கும்மா"ன்னுவேன். எத்தினி நாளைக்கு சொல்றது.

நர்சரிக்காரம்மா பாவம் பாத்து ஒரு கை காசித்தும்பை வெத குடுத்துச்சு, "இது ஈரத்துல வரும் தாத்தா, ஆனா நிக்காது"ன்னு. தூவிவிட்டேன். வந்துச்சு பாருங்க, கரை கரையா செவப்பு! அவ காலையில கதவத் தெறந்தவ அப்பிடியே நின்னுட்டா. "ஏங்க, இது இத்தினி பூவா!"ன்னா. காப்பி ஆறிப் போச்சு. நான் சூடு பண்ணித் தரேன்னேன், வாணாம்னுட்டா. அவ பாத்தது அதுதான். அப்பிடியே ஒரு மாசம் போல இருக்கும். அப்பால காசித்தும்பைக்கு ஆயுசு முடிஞ்சிது, காயி வெடிச்சுது, தண்டு படுத்துக்கிச்சு. விழுந்த வெதயில மொளைக்கும்னு பாத்தேன். ஒரு கோட மழ வந்து ஓரத்து மண்ணையே வாரி குட்டையில தள்ளிட்டுது, வெத எங்க இருக்கப்போவுது.

சரி, ஈரத்துல எது நிக்குதுன்னு ஈரத்தையே போய் கேப்போம்னு தென்னேரிக்குப் போனேன். எம்பொண்ணு வாலாஜாபாத்துல இருக்குது, அது ஸ்கூட்டர்ல பின்னால உக்கார வெச்சி கூட்டிக்கினு போச்சு. வழியெல்லாம் திட்டு.

"இன்னா நைனா, அம்மாவுக்கு கண்ணு காட்டணும்னா ஆஸ்பத்திரிக்கு போவணும், ஏரிக்கா போவாங்க?"

"ஆஸ்பத்திரிக்குதான் போய்க்கினே இருக்கறமே."

அது ரோட்டப் பாத்து வண்டிய முறுக்கிச்சு.

தென்னேரி ஏரி எம்மாம் பெருசு. ஓரமா நடந்துக்கினே பாத்தேன். கோரை, சம்பு, சேம்பு, வல்லாரை, பொன்னாங்கண்ணி. சேத்துல இடுப்பளவு நின்னுக்கினு சந்தோசமா இருக்குது எல்லாம். ஆனா எங்க பாத்தாலும் பச்சை. கோரை அறுத்துக்கினு இருந்த ஒரு அம்மாகிட்ட, "இந்த ஓரத்துல செவப்பா எதுனா வருமாம்மா?"ன்னு கேட்டேன்.

"ஏரிக்கு யாருய்யா குங்குமம் வெக்கறது"ன்னுட்டு அறுத்துக்கினே இருந்துச்சு.

அப்பறம் அதுவே கூப்ட்டு, சேம்பு நாலு கெழங்கு, வல்லாரைக் கொடி, அப்பறம் வசம்பு ஒரு துண்டு வேரோட புடுங்கிக் குடுத்துச்சு. வசம்பு பேர அது சொல்லல, "பேர் சொல்லாதது"ன்னுதான் சொல்லிச்சு. வெளக்கு வெச்சப்பறம் அந்தப் பேர சொல்லக்கூடாதும்பாங்க, ஆனா இது நல்ல உச்சி வெயிலு. சொல்லிப் பழக்கமில்ல போல.

எம்பொண்ணு வூட்டுக்கு வந்து சேத்துக்கால கழுவனேன். பின்பக்கம் துணி தொவைக்கற கல்லு, அதுல இருந்து ஓடற ஜலதாரை, அந்த ஜலதாரை ஓரமா கல்வாழை. நல்ல ஒசரம், தலையில செவப்புப் பூ. சோப்புத் தண்ணியையும் சோத்துக் கஞ்சியையும் குடிச்சிட்டு நிக்குது. நான் அது பக்கத்துலயே நின்னு, அதோட எலைய புடிச்சிக்கினுதான் கால கழுவனேன். பாக்காம இல்ல. பாத்தேன். ஜலதாரைச் செடின்னு கண்ணு அத்த தாண்டிப் போயிடுச்சு. எங்க பக்கத்துல அத்த வேற எங்கயும் வெக்க மாட்டாங்க. சாக்கடைய உறிஞ்சறதுக்கு வெக்கறது. கண்ணு போற பொம்பளைக்கு ஆசையா ஒண்ணு வெக்கப்போறேன், அதுல சாக்கடைச் செடியையா வெப்பேன்? அந்த நெனப்பு கூட மனசுல வரல.

தென்னேரி செடி எல்லாம் புடிச்சிக்கிச்சு. ஒண்ணு கூட சாவல. சேம்பு எலை மொறம் மாரி விரிஞ்சிது, வல்லாரை தரையே தெரியாம மூடிச்சு, வசம்பு கத்தி கத்தியா நின்னுச்சு. ஓரத்து மண்ணு சரியறதும் நின்னுடுச்சு. வந்தவங்க எல்லாம் எம்மாம் அழகா இருக்குதுன்னாங்க. அவ கதவாண்ட உக்காந்துக்கினு ரொம்ப நேரம் பாத்தா.

"செடி வெச்சேன்னு சொன்னீங்களே, எங்க?"

"எதிர்ல தாம்மா. ஆளுயரத்துக்கு நிக்குதே."

"ஓ. நான் குட்டைதான் பெருசாயிடுச்சோன்னு நெனச்சேன்."

பச்சை அவளுக்கு இருட்டு. முன்ன கொஞ்சம் தண்ணி மின்னறதாவது தெரிஞ்சிது, நான் வெச்ச செடி அத்தையும் மறைச்சிடுச்சு. நிக்கற செடி அவளுக்குத் தெரியல, தெரியற செடி நிக்கல. நான் துண்ட ஒதறி தோள்ல போட்டுக்கினு வெளிய போயிட்டேன். எங்க போனேன்னு கூட ஞாபகமில்ல. ஆத்துப்பக்கம்தான் போயிருப்பேன்.

சாப்பிடும்போது அவதான் கேட்டா. "உங்க பொண்ணு வூட்ல தொவைக்கற கல்லாண்ட செவப்பா ஒண்ணு நின்னுச்சே பொங்கலுக்கு போவும்போது, அது இன்னா செடிங்க?"

"அது ஜலதாரையில வெக்கறதும்மா."

"ஜலதாரையா இருந்தா இன்னா. நான் இன்னா அதுல உக்காந்து சாப்படவா போறேன்?"

அடுத்த நாளே எம்பொண்ணு கெழங்கு கொண்டாந்துச்சு, கோணிப்பை நெறைய. சேம்புல பாதியப் புடுங்கிப் போட்டுட்டு அங்க வெச்சோம், கதவுக்கு நேரா. ஆடி முடிஞ்சிருந்துது. கல்வாழைக்கு எங்க மண்ணு அம்மா வூடு மாரி ஆயிடுச்சு. சுருட்டி வெச்ச பாயி மாரி எலை வருது, விரியுது, இன்னொண்ணு வருது. நான் தெனம் ஒரு தபா போய் பாப்பேன். முட்டி வலிச்சா செவுத்த புடிச்சிக்கினு நின்னு பாப்பேன். அவ கேட்டா நெசத்தையே சொன்னேன், "எலைதான் வருது. பூ அப்பறம்தான்."

"நான் இருக்கறேன், மெதுவா வரட்டும்"னா.

அந்தப் பக்கம் அவ கண்ணும் கொறைஞ்சிக்கினே வந்துது. அடுப்பு பத்த வெக்கறத நான் எடுத்துக்கினேன். தட்டுல சோறு எங்க, பொரியல் எங்கன்னு சொல்லணும். எதிர்வூட்டுப் பொண்ணு பக்கெட்ட வேணும்னே செவுத்து மேல கவுத்து வெச்சிட்டுப் போவும். யாரும் சொல்லல, அதுவா வெச்சுது.

ஐப்பசி மழ புடிச்சிக்கினு ஊத்துச்சு. மழ விட்ட ஒரு காலையில நான் காப்பி போட்டுக்கினு இருந்தேன்.

"ஏங்க! ஏங்க, வாங்களேன் சீக்கிரம்! பூத்துடுச்சி!"

பால அப்பிடியே விட்டுட்டு ஓடனேன். ஓடனேன்னா, எனக்கு அது ஓட்டம்தான். அவ மூஞ்சியெல்லாம் சிரிப்பு. காசித்தும்பைக்கு அப்பறம் அந்த சிரிப்ப நான் பாக்கவே இல்ல.

"பாத்தீங்களா, எம்மாம் செவப்பு!"

நான் பாத்தேன். கல்வாழையில தண்டு நீண்டு நின்னுச்சு, நுனியில மொட்டு இருந்துச்சு. எல்லாம் இறுக்கமா, பச்சையா. ஒண்ணு கூட தெறக்கல.

"எங்கம்மா செவப்பா இருக்குது?"

"இதோ, முன்னால."

"இந்தப் பக்கம் திரும்பு. இங்க?"

"இங்கயும்தான்." அவ மெதுவா தலைய தூக்கினா. "ஏங்க, வானம் கூட செவப்பா இருக்குதுங்க."

சிரிப்பு அவ மூஞ்சியில இருந்து எறங்கறத நான் பாத்துக்கினே நின்னேன். உள்ள பாலு பொங்கி அடுப்ப அணைச்சி, கேஸ் நாத்தம் வந்து, அத்த நிறுத்தத்தான் நான் அங்கேருந்து நகந்தேன்.

கண்ணுக்குள்ள ரத்தம் எறங்கிடுச்சுன்னாங்க. சென்னையில படுக்க வெச்சி, பாத்து, அறுத்து, கட்டு கட்டி, எல்லாம் பண்ணாங்க. பண்ணலன்னு சொல்ல மாட்டேன். கட்டு பிரிச்சப்ப டாக்டரு அவ மூஞ்சிக்கு நேரா லைட்ட அடிச்சி, "எந்தப் பக்கம் வெளிச்சம் தெரியுதும்மா?"ன்னாரு. அவ, "லைட்ட போடுங்க டாக்டர், சொல்றேன்"னா. லைட்டு போட்டாச்சுன்னு அவளுக்குத் தெரியல.

நாங்க ஊருக்கு வரும்போது கல்வாழை பூத்து நின்னுச்சு. எல்லா தண்டும். குங்குமம் மாரி, தீ மாரி, இன்னா வேணா சொல்லிக்கலாம். எம்பொண்ணு அத்த பாத்துட்டு உள்ள போய் அழுதுது. நான் ஆட்டோவுல இருந்து அவள கைப்புடிச்சி எறக்கி, அந்தப் பக்கம் போவாம முன்வாசல் வழியா உள்ள கூட்டிக்கினு போனேன். பூத்துச்சுன்னு நான் சொல்லல. அவளும் கேக்கல.

எதிர்வூட்டுப் பொண்ணுக்கு கொஞ்சம் கெழங்கு எடுத்துக் குடுத்தேன். கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தேன். ஒருநாள் ஆத்திரத்துல மம்பட்டிய எடுத்துக்கினு போய் மிச்சத்தையும் வெட்டி குட்டையில போட்டேன். ஒண்ணும் ஆவல. நான் தேடின கொணமே அதுதானே, ஒரு தபா வெச்சா போவக்கூடாதுன்னு. மண்ணுக்குள்ள விரலத்தினி துண்டு இருந்தா போதும், அதுல இருந்து வருது. குட்டையில போட்டது எதிர்க் கரையில ஒதுங்கி அங்கயும் வந்துச்சு. இப்ப சுத்திலும் கல்வாழைதான். முட்டி இந்த நெலமையில எத்தினின்னு வெட்டறது, விட்டுட்டேன்.

இந்த வருசம் நல்லா பூத்துருக்குது. காலையில இன்னமும் அவ அதே எடத்துலதான் உக்கார்றா, பழக்கம். நேத்து காப்பிய கையில குடுத்துட்டு பக்கத்துல உக்காந்தேன். ஒரு சின்ன குருவி, தேன்சிட்டு, பூவுக்குப் பூவு தாவிக்கினு கீச்சு கீச்சுனு கத்திக்கினு இருந்துச்சு. அவ காத அந்தப் பக்கம் திருப்பினா.

"எதுனா பூத்துக்குதா?"

"இல்லம்மா. எலைதான்."

"எலைக்கா சிட்டு இம்மாம் கத்துது?"

அவ காப்பிய குடிச்சி முடிச்சா. டம்ளர தரையில வெக்க எடம் தேடினா, நான் வாங்கிக்கினேன்.

"நெறைய பூத்துக்குதா?"

"நெறைய."

தலைய ஆட்டினா. சிட்டு இன்னும் கத்திக்கினுதான் இருந்துச்சு. "கதவ சாத்திடுங்க. வெயிலு மூஞ்சில அடிக்குது"ன்னா. எழுந்து சாத்தனேன்.